மாற்றி எழுதும் உரிமை

(திருச்சிராப்பள்ளி, புத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் படைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சைப் பகைவன் காதில் விழாமல் காக்கும் குறியாக்கக் கருவிகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். குறிப்பாக, களத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் உள்ளே ஓடும் கணக்கை மாற்றி எழுதிக்கொள்ளத்தக்க புதிய தலைமுறைக் கருவிகளைப் பற்றி.

திருச்சிக்குப் படைத்துறை புதிதல்ல. இங்கே துப்பாக்கித் தொழிற்சாலை 1966 முதல் இயங்குகிறது. டாங்கிகளின் கவசத்தைத் துளைக்கும் உலோகத்தை உருவாக்கும் ஆலையும் இருக்கிறது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரி 20 அன்று தொடங்கிவைக்கப்பட்டதும் இந்த ஊரில்தான். ஆகவே, ஆயுதம் என்றால் இரும்பும் எஃகும் கடைசலும் என்று நினைத்துப் பழகிய ஊர் இது. நான் பேசப்போகும் ஆயுதத்தில் இரும்பு மிகக் குறைவு, கணிதமே மிகுதி. அதைப் பற்றி நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மாற்றி எழுதத்தக்க கருவி வந்துவிட்ட பிறகு, கருவி எவ்வளவு வலியது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. அதை மாற்றி எழுதும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதே முதற்கேள்வி. அந்தக் கை நம்முடையதாக இல்லாவிட்டால் கருவி நம்முடையதாகாது.

திறந்த கம்பியில் போன பேச்சு

1999 மே மாதம், கார்கில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பாகிஸ்தான் தரைப்படைத் தலைவர் பர்வேஸ் முஷாரப் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் இருந்தார். ராவல்பிண்டியில் இருந்த தம் படைத் தலைமை அதிகாரி முகமது அஜீஸுடன் மே 26, 29 ஆகிய நாள்களில் தொலைபேசியில் பேசினார். அந்தப் பேச்சு இந்திய உளவுத்துறையின் பதிவுக்கருவியில் ஏறியது. மலைமுகடுகளில் ஊடுருவி இருப்பவர்களுடன் பாகிஸ்தான் படைக்குத் தொடர்பே இல்லை என்ற வாதம் ஜூன் 11 அன்று அந்த ஒலிநாடாவை இந்தியா உலகுக்கு வெளியிட்டதோடு உடைந்தது. மலையில் ஆயிரம் பீரங்கிக் குண்டுகள் சாதிக்க முடியாத அரசியல் வெற்றியை ஒரு தொலைபேசி உரையாடல் தேடித் தந்தது.

நமக்குக் கிடைத்த வெற்றி என்று அதை நாம் மகிழ்ந்து நினைவுகூர்கிறோம். அதே நிகழ்ச்சியை மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நம் அதிகாரி ஒருவரின் பேச்சு அப்படிப் போயிருந்தால்?

கணக்கும் சாவியும்

குறியாக்கத்துக்கு இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று கணக்கு, அதாவது எழுத்தையோ குரலையோ குழப்பிப் புரட்டும் விதி. மற்றது சாவி, அந்த விதி இன்றைக்கு எப்படி ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் இரகசிய எண். ஆகஸ்ட் கெர்க்காப்ஸ் என்ற மொழி ஆசிரியர் 1883-இல் பிரெஞ்சுப் படைத்துறை இதழ் ஒன்றில், கருவி பகைவன் கையில் சிக்கினாலும் கேடு வரக்கூடாது, சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் போதும் என்ற நெறியை வகுத்தார். இன்றுவரை குறியாக்கவியலின் அடிப்படை நெறி அதுவே.

ஆனால் போர்க்களம் அந்த நெறிக்கு ஒரு துணைப்பாடத்தைக் கற்றுத் தந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய எனிக்மா எந்திரத்தின் கதை பலருக்குத் தெரியும். போலந்தின் கணித அறிஞர் மரியன் ரெயெவ்ஸ்கி 1932-இலேயே அதன் உட்கணக்கைக் கண்டுபிடித்தார். 1939 ஜூலையில் போலந்து அந்த அறிவைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தது. பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங்கும் அவருடைய தோழர்களும் அந்த அடித்தளத்தின் மேல் கட்டினார்கள். அவ்வளவு வெற்றிக்கு நடுவில் 1942 பிப்ரவரி 1 அன்று அட்லாண்டிக் கடலின் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூன்று சக்கரத்துக்குப் பதில் நான்கு சக்கர எனிக்மாவுக்கு மாறின. ஒரு சக்கரம் கூடியதும் பிளெட்ச்லி பார்க் குருடாகிப்போனது. ஏறத்தாழ பத்து மாதங்களுக்கு நீர்மூழ்கிச் செய்திகளைப் படிக்க முடியவில்லை. நேசநாட்டுக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின.

இருள் எப்படி விலகியது? அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில், யு-559 என்ற நீர்மூழ்கி அடிபட்டு மூழ்கிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் கப்பலிலிருந்து அந்தோணி பாசன், கொலின் கிரேசியர் என்ற இருவர் அதற்குள் இறங்கிக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்து மேலே கொடுத்தார்கள். கப்பலின் உணவகப் பையன் டாமி பிரவுன் அவற்றை வாங்கிக் கைமாற்றினான். நீர்மூழ்கி திடுமெனக் கவிழ்ந்து இறங்கியபோது பாசனும் கிரேசியரும் அதனோடு போனார்கள். அந்தப் பக்கங்களின் துணையால் டிசம்பரில் செய்திகள் மறுபடியும் திறந்தன.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கணக்கை உரிய நேரத்தில் மாற்றத் தெரிந்தவனுக்கு மாதக்கணக்கில் பாதுகாப்புக் கிடைக்கிறது. கணக்கை மாற்றினாலும், அதைச் சுற்றியுள்ள தாள், ஆள், நடைமுறை ஆகியவற்றைக் காக்கத் தவறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

கப்பலின் ஆயுள், கணக்கின் ஆயுள்

எனிக்மாவில் கணக்கை மாற்ற வேண்டுமானால் புதுச் சக்கரம் செய்து, கப்பல் கப்பலாக அனுப்ப வேண்டும். பின்னால் வந்த மின்னணுக் கருவிகளிலும் இதே தொல்லைதான். கணக்கு சில்லுக்குள் கம்பிகளாகவே பதிந்திருக்கும். கணக்கு பழுதென்று தெரிந்தால் பெட்டியையே தூக்கி எறிய வேண்டும்.

ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற போர்க்கப்பல் நம் கடற்படையில் 1980 மே மாதம் சேர்ந்து, 2021 மே மாதம் ஓய்வுபெற்றது. நாற்பத்தொரு ஆண்டுப் பணி. இனி, டி.இ.எஸ். என்ற பெயர்பெற்ற குறியாக்கக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கா 1977-இல் அதைத் தரநிலையாக அறிவித்தது. 1998-இல் அதற்கென்றே கட்டிய ஒரு கணினி 56 மணி நேரத்தில் அதன் சாவியைத் தேடிக் கண்டுபிடித்தது. அதன் இடத்துக்கு 2001-இல் ஏ.இ.எஸ். வந்தது. 2005-இல் டி.இ.எஸ். முறைப்படி விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த ஒரு கப்பல் கடலில் இருந்த காலத்துக்குள் உலகம் நம்பிய ஒரு கணக்கு முதுமையடைந்து மாண்டுபோயிற்று. கப்பலும் டாங்கியும் விமானமும் முப்பது நாற்பது ஆண்டு உழைக்கும். எந்தக் கணக்குக்கும் அத்தனை ஆயுளை முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. ஆகவே கருவி நிலைத்திருக்க, கணக்கு மாறத்தக்கதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1990-களிலேயே மோட்டோரோலா நிறுவனம் ஏ.ஐ.எம். என்ற, பல கணக்குகளை ஏற்றிக்கொள்ளும் குறியாக்கச் சில்லை உருவாக்கியதற்கு இந்தத் தேவையே காரணம்.

பெட்டிக்குள்ளே

இத்தகைய கருவிகள் பலவற்றின் நெஞ்சில் எஃப்.பி.ஜி.ஏ. என்ற சில்லு இருக்கிறது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் உறையூரின் நெசவாளருக்கு அதை எளிதாக விளக்கிவிடலாம். தறி ஒன்றுதான், நூல் ஒன்றுதான், மேலே மாட்டிய ஜக்கார்டு அட்டையை மாற்றினால் கரையில் அன்னம் போய் ருத்ராட்சம் வரும். இந்தச் சில்லிலும் இலட்சக்கணக்கான சின்னஞ்சிறு தருக்கக் கட்டங்கள் வெறுமையாகக் காத்திருக்கின்றன. ஒரு கோப்பை ஏற்றினால் அவை ஒரு குறியாக்க எந்திரமாக இணைகின்றன. வேறு கோப்பை ஏற்றினால் வேறோர் எந்திரம்.

அப்படிப்பட்ட பெட்டி ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். ஒரு பக்கம் வெளிப்படையான பேச்சு நுழைகிறது, அதைப் பொறியாளர்கள் 'சிவப்பு' என்பார்கள். எதிர்ப்பக்கம் குறியாக்கம் முடிந்த செய்தி வெளியேறுகிறது, அது 'கறுப்பு'. இரண்டுக்கும் மின்வழங்கல் தனித்தனி, நடுவில் உலோகத் தடுப்பு. சிவப்பின் மின்னதிர்வு கறுப்புக் கம்பியில் எள்ளளவு கசிந்தாலும் கேட்கத் தெரிந்தவனுக்கு அது போதும். சுவிட்சைப் போட்டதும் பெட்டி உடனே பேசிவிடாது. மாற்றவே முடியாதபடி எரித்துப் பதித்த ஒரு சிறு நிரல் முதலில் விழிக்கிறது. ஏற்றப்போகும் கோப்பில் உரியவரின் மின்கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஓர் எழுத்து பிசகினாலும் கருவி எழாது. பிறகு, விடை தெரிந்த ஒரு மாதிரிச் செய்தியைக் குறியாக்கம் செய்து, விடை ஒத்துவருகிறதா என்று தன்னைத் தானே சோதிக்கிறது. அதன் பின்தான் சிக்னல்ஸ் வீரர் கையடக்கமான சாவியேற்றும் கருவியைச் செருகி, அன்றைய சாவியை உள்ளே செலுத்துகிறார். முகப்பில் மூடி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். நிலை கைமீறினால் மூடியைத் தூக்கி அதை அழுத்துவார், சாவிகள் அத்தனையும் நொடியில் அழிந்துபோகும். யாராவது பெட்டியைப் பிரிக்க முயன்றாலும், வெளிமின்சாரம் இல்லாதபோதும், உள்ளிருக்கும் மின்கலத்தின் பலத்தில் அதே அழிப்பு நடக்கும்.

மாற்றத்தக்கது எதுவும் மாற்றப்படத்தக்கது

நாம் மாற்றி எழுத ஒரு கதவு வைத்தால், பகைவனும் அந்தக் கதவைத்தான் தேடுவான். ஜூனிப்பர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிணையப் பாதுகாப்புக் கருவிகளில், தங்களுக்குத் தெரியாமல் அந்நிய நிரல் புகுந்திருப்பதாக 2015 டிசம்பரில் அந்த நிறுவனமே அறிவித்தது. சமவாய்ப்பு எண்களைப் பிறப்பிக்கும் பகுதியில் இருந்த ஒரு மாறிலியை யாரோ மாற்றிவிட்டிருந்தார்கள். கதவு உடையவில்லை, பூட்டு நெளியவில்லை, கருவி வழக்கம்போல் ஓடியது. இரகசியம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

2020-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சைலிங்ஸ் நிறுவனத்தின் ஏழாம் வரிசை எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகளில் ஒரு குறையைக் கண்டார்கள். மறைத்து ஏற்றப்படும் கோப்பை, சில்லைக் கொண்டே வெளிப்படையாகப் படிக்கவைக்க முடிந்தது. 'ஸ்டார்ப்ளீட்' என்று பெயரிட்ட அந்தக் குறை சிலிக்கனிலேயே பதிந்திருந்தது. அதற்குத் தீர்வு சில்லையே மாற்றுவதுதான். கணக்கை மாற்றிக்கொள்ளலாம் என்று நாம் நம்பிய தறியிலேயே பழுது.

சுக் நகரத்து எந்திரங்கள்

இனி நான் சொல்லப்போவது இந்தியாவையும் உள்ளடக்கிய வரலாறு. சுவிட்சர்லாந்தின் சுக் நகரில் போரிஸ் ஹாகெலின் என்பவர் நிறுவிய கிரிப்டோ ஏ.ஜி. என்ற நிறுவனம் இருந்தது. நடுநிலை நாடு, நம்பகமான பொறியியல். நூற்றிருபதுக்கு மேற்பட்ட நாடுகள் அதன் குறியாக்க எந்திரங்களை வாங்கின. வாங்கியவர்களில் இந்தியாவும் உண்டு, பாகிஸ்தானும் உண்டு. அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் உளவு அமைப்பும் 1970-இலேயே அந்த நிறுவனத்தை இரகசியமாக விலைக்கு வாங்கிவிட்டதை 2020 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளேடும், ஜெர்மானிய, சுவிஸ் தொலைக்காட்சிகளும் ஆவணங்களோடு வெளிப்படுத்தின. பல நாடுகளுக்கு விற்ற எந்திரங்களின் கணக்கு, அந்த உளவு அமைப்புகள் எளிதில் அவிழ்க்கும்படி திட்டமிட்டுத் தளர்த்தப்பட்டிருந்தது. ஜெர்மனி 1993-இல் விலகிக்கொண்டது. சி.ஐ.ஏ. 2018 வரை நீடித்தது.

அந்த நிறுவனத்தின் விற்பனையாளர் ஹான்ஸ் பியூலர் 1992-இல் ஈரானில் கைதாகி ஒன்பது மாதம் சிறையில் வாடினார். தாம் விற்கும் எந்திரத்தில் சூது இருப்பது அவருக்கே தெரியாது. விற்றவருக்கும் தெரியவில்லை, வாங்கிய தேசங்களுக்கும் தெரியவில்லை. ஏன்? எந்திரத்தைத் திறந்து பார்க்க எவருக்கும் தடையில்லை. திறந்து பார்த்ததும் இந்தக் கணக்கு தளர்ந்தது என்று சொல்லத் தெரிந்த கணித அறிவுதான் வாங்கிய பல நாடுகளிடம் போதிய அளவு இல்லை. விலை கொடுத்து எந்திரத்தை வாங்கலாம், அதைச் சோதிக்கும் அறிவை வாங்க முடியாது. இதை நாம் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம்மிடம் இருப்பது

நம்மிடம் ஒன்றும் இல்லை என்ற தாழ்வுணர்ச்சிக்கு இடமில்லை. 1954-இல் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பெங்களூரை இருப்பிடமாகக் கொண்டு படைகளுக்கு வயர்லெஸ் கருவிகள் செய்து வருகிறது. மென்பொருளால் இயங்கும் வானொலிக் கருவியாகிய எஸ்.டி.ஆர்.-டாக் என்பதற்கு 2021 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிறுவனத்துடன் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்தது. கப்பலில் பொருத்தும் இந்தக் கருவிக்கு நான்கு தடங்கள். கப்பலுக்கும் கப்பலுக்கும், கப்பலுக்கும் கரைக்கும், கப்பலுக்கும் விமானத்துக்கும் குரலையும் தரவையும் காப்போடு கொண்டுசெல்கிறது. பாதுகாப்பு ஆய்வு வளர்ச்சி நிறுவனத்தின் டேராடூன் ஆய்வகமும், பெங்களூரின் செயற்கை நுண்ணறிவு மற்றும் ரோபோவியல் மையமும், கடற்படையின் பொறியியல் அமைப்பும் சேர்ந்து உழைத்ததன் பலன் அது. ஒரு நிறுவனம் எழுதும் வானொலி மென்பொருள் இன்னொரு நிறுவனத்தின் கருவியிலும் ஓடுவதற்கான இந்தியத் தரநிலையின் முதற்பதிப்பு 2025-இல் வெளியாயிற்று.

தமிழகத்தின் பங்கும் சிறிதன்று. அப்துல் கலாம் அவர்களின் முன்முயற்சியால் 2002-இல் தொடங்கிய 'செட்ஸ்' என்ற மின்னணுப் பாதுகாப்பு ஆய்வுச் சங்கம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. குறியாக்கவியலிலும் சில்லுகளின் பாதுகாப்பிலும் அது ஆய்வு செய்கிறது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த எண் கோட்பாட்டு அறிஞர் ஆர். பாலசுப்பிரமணியன், கணித அறிஞர் நீல் கோப்லிட்ஸுடன் சேர்ந்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குறியாக்கத்துக்கு எழுமாற்றாக எடுக்கும் நீள்வட்ட வளைவு ஒன்றில் ஒரு குறிப்பிட்ட தாக்குதல் பலிப்பது அரிதினும் அரிது என்று அது நிறுவியது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் வீ. காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' செயலி 2018-இல் சில்லு வடிவம் பெற்றது.

குறையையும் சொல்ல வேண்டும். உயர்திறன் எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகள் இன்றும் வெளிநாட்டு நிறுவனங்களின் படைப்பு. கணக்கை நாம் எழுதுகிறோம், அதைத் தாங்கும் தறி இறக்குமதியாகிறது. அந்த இடைவெளியை ஒரே நாளில் அடைக்க முடியாது. அடையும்வரை, வந்திறங்கும் ஒவ்வொரு சில்லையும் ஐயத்தோடு சோதிக்கும் ஆய்வகங்கள் நமக்கு வேண்டும்.

வரப்போகும் புயல்

பீட்டர் ஷோர் 1994-இல் வகுத்த வழிமுறை, பெரிய குவாண்டம் கணினி ஒன்று வந்தால் இன்று சாவிகளைப் பரிமாற உதவும் பல கணக்குகள் உடையும் என்று காட்டியது. அந்தக் கணினி இன்னும் வரவில்லை. ஆனால் இன்றைய குறியாக்கச் செய்திகளைச் சேமித்து வைத்திருந்து அன்றைக்கு அவிழ்க்கலாம் என்று காத்திருப்பவர்கள் இன்றே இருக்கக்கூடும். முப்பது ஆண்டு காக்க வேண்டிய படைத்துறை இரகசியத்துக்கு அந்தப் புயல் இப்போதே வந்துவிட்டது என்று கொள்வதுதான் அறிவு.

மாற்றுக் கணக்குகளின் முதல் தரநிலைகளை அமெரிக்கா 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அவற்றைத் தேர்ந்தெடுக்க நடந்த பந்தயத்தில் ஓடியவற்றின் கதியைக் கேளுங்கள். 'ரெயின்போ' என்ற கையொப்ப முறை இறுதிச் சுற்று வரை வந்தது. 2022 பிப்ரவரியில் ஓர் ஆய்வாளர், மடிக்கணினி ஒன்றில் ஒரு வார இறுதிக்குள் அதன் ஒரு வடிவத்தை உடைக்கலாம் என்று காட்டினார். 'சைக்' என்ற இன்னொரு முறை நான்காம் சுற்றுக்குத் தேர்வானது. அதே ஆண்டில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக அறிஞர்கள் இருவர், சாதாரணக் கணினிச் செயலியின் ஒற்றைக் கருவில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதன் ஒரு வடிவத்தை உடைத்தார்கள். உலகத்தின் தேர்ந்த மூளைகள் ஆண்டுக்கணக்கில் சலித்தெடுத்த கணக்குகளுக்கே இந்த நிலை. அவற்றில் ஒன்றைச் சில்லில் நிலையாகப் பதித்து எல்லைக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாற்றி எழுதத்தக்க கருவி ஆடம்பரம் ஆகாது. அது இல்லாமல் வரும் இருபது ஆண்டைக் கடக்க முடியாது.

செய்ய வேண்டியவை

மூன்று வேண்டுகோள்களை இந்த அவையில் வைக்கிறேன்.

முதலாவது, கருவியைச் செய்பவர் ஒருவராகவும் உடைத்துப் பார்ப்பவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒப்புநோக்கச் சொன்ன வள்ளுவரின் ஒற்றாடல் அதிகாரம் இந்தத் துறைக்கு அப்படியே பொருந்தும். தில்லியில் இயங்கும் அறிவியல் பகுப்பாய்வுக் குழு போன்ற அரசு ஆய்வகங்கள் குறியாக்கச் சோதனையைச் செய்துவருகின்றன. அவற்றுக்கு வெளியே, பல்கலைக்கழகங்களிலும் அந்தத் திறன் பரவ வேண்டும். கணக்கை உடைத்துக் காட்டும் மாணவனைக் குற்றவாளியாகப் பார்க்காமல், நாட்டுக்குத் தொண்டு செய்தவனாகப் பாராட்டும் மனம் நம் நிறுவனங்களுக்கு வர வேண்டும்.

இரண்டாவது, மாற்றி எழுதும் உரிமை ஒருவர் கையில் குவியக் கூடாது. புதிய கோப்புக்கு ஒப்பமிடும் சாவியைப் பலரிடம் பங்கிட்டு, குறிப்பிட்ட சிலர் சேர்ந்தால் மட்டுமே ஒப்பமிட முடியும் என்று ஆக்கும் கணிதம் 1979 முதல் இருக்கிறது. ஆதி ஷமீர் அதை வகுத்தார். எந்தக் கருவியில், எந்த நாளில், யார் ஒப்புதலால், எது மாறியது என்ற பதிவும் அழியாமல் நிற்க வேண்டும்.

மூன்றாவது, இது திருச்சிக் கல்லூரிகளுக்கு. கணிதத் துறையில் எண் கோட்பாடும் இயற்கணிதமும் தேர்வுக்கான பாடங்களாகச் சுருங்கிவிட்டன. மின்னணுத் துறை மாணவர் அந்த வகுப்பறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த இரு துறைகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள். கல்விக்கென விற்கும் எஃப்.பி.ஜி.ஏ. பலகை சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் ஏ.இ.எஸ். கணக்கை ஒரு மாணவி ஏற்றட்டும். அது ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அலைகாட்டியில் பதிந்து, சாவியை வெளியே எடுக்க முடிகிறதா என்று இன்னொரு மாணவர் முயலட்டும். பால் கோச்சரும் தோழர்களும் 1990-களின் இறுதியில் உலகுக்குக் காட்டிய தாக்குதல் அது. இன்று ஒரு பருவத்தின் செய்முறையாகவே வைக்கலாம். முதல் முறை சாவி கிடைத்துவிடும். பிறகு அந்த மாணவி தன் வடிவமைப்பைத் திருத்துவாள், கிடைக்காமல் செய்வாள். அப்படிப் பழகிய பத்துப் பேர் ஒவ்வோர் ஆண்டும் இந்த ஊரிலிருந்து கிளம்பினால், யாரோ முத்திரை குத்தித் தந்த பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் நிலை இந்த நாட்டுக்கு வராது.

பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்றதும் நிலமும் கொட்டகையும் எந்திரமும் நம் கண்முன் வருகின்றன. அவையும் வேண்டும். அவற்றோடு, ஒரு கணக்கைப் பார்த்து இது நிற்கும், இது நிற்காது என்று துணிந்து சொல்லும் தலைகளும் வேண்டும். பனிமலையில் காவல் நிற்கும் வீரரின் பேச்சு இரகசியமாக இருக்குமா இல்லையா என்பதை அந்தத் தலைகள்தாம் தீர்மானிக்கும். அவர்களை வளர்த்துத் தரும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நம்முடையது. அதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும் என்று இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.